நிரந்தரம் என்று ஒரு சொல்

ஆனிக் கடைசியில் சாரல் பிடித்துக்கொண்டது. மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. ராஜபாளையத்தில் மழை என்று சொல்லும்படி ஒன்றும் பெய்யவில்லை. ஆனால் கொடியில் போட்ட துணி காயவில்லை, தீப்பெட்டி நமத்தது, வீட்டுக்குள் நடந்தால் கால் பிசுபிசுத்தது. தேவகிருபைக்கு இந்தக் காலம் பிடிக்கும். சஞ்சீவிமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் நடத்துகிறவள் அவள். கோடையில் ஆய்வுக்கூடத்தின் அமில வாடைக்கு நடுவே வேர்த்து வடிய நின்றவர்களுக்குத்தான் இந்த ஈரக்காற்றின் அருமை தெரியும்.

அந்தச் சாரலோடுதான் பாலினச் சமத்துவக் கொள்கை எழுதுகிற வேலையும் வந்து சேர்ந்தது.

பல்கலைக்கழகத்தைத் தரம் பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறது. வந்தால் அப்படி ஒரு கொள்கை இருக்கிறதா என்று கேட்பார்களாம். இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே அவசரமாக ஒரு கமிட்டி போட்டார்கள். பொருளாதாரத் துறை ஐயாதுரை அதற்குத் தலைவர். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது அவருக்கு. யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச வராத மனிதர். தேவகிருபை செயலர். செயலர் என்றால் எழுத்து வேலை அத்தனையும் அவள் தலையில் என்று அர்த்தம்.

"ரொம்ப மெனக்கெடாதீங்கம்மா," என்று ஐயாதுரை ஒரு நகலை நீட்டினார். "வேற ஒரு யுனிவர்சிட்டில போட்டது. பேர மட்டும் மாத்திட்டா வேலை முடிஞ்சது."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் அதை விரித்துப் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். அடுப்படியில் சாளைக் கருவாட்டை வெந்நீரில் போட்டு உரசிக்கொண்டிருந்த பென்சன் எட்டிப் பார்த்தான். அவள் கணவன். பஞ்சாலையில் பிட்டர். காலை ஷிப்ட் வருகிற வாரங்களில் ராத்திரிச் சமையல் அவனுடையது.

"என்ன சிரிப்பு?"

"கடற்கரை வாசல்ல ராத்திரி பூரா லைட்டு எரியணுமாம். பேர மாத்தினவங்க கடலை மாத்தல."

"எரியட்டுமே. ஆறாவது மைல்ல டேமு இருக்குல்லா, அதுல கொண்டுபோயி மாட்டிருவோம்."

அந்த நகலை மடித்து வைத்துவிட்டு அவள் தானாகவே எழுத ஆரம்பித்தாள். வகுப்பு இல்லாத நேரமெல்லாம் வளாகத்தைச் சுற்றினாள். நூலகம் ஒன்பது மணிவரை திறந்திருக்கிறது, பெண்கள் விடுதியோ ஆறரைக்கே பூட்டப்படுகிறது. அப்படியானால் அந்த ஒன்பது மணி யாருக்கு? பணிமனைக் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. மைதானத்தைக் கடந்து அந்தக் கோடிக்குப் போய்வர வேண்டியிருக்கிறது என்று பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவிகளிடம் ஆள் எடுக்கும்போது கேட்கிற முதல் கேள்வி, எப்போது கல்யாணம் என்பது. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினாள். எழுத எழுத அவளுக்கு ஒரு உற்சாகம் வந்தது. பியூரெட்டிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்து குடுவையில் நிறம் மாறுகிற நேரத்தில் வருமே, அந்த மாதிரி.

ஒரே ஒரு இடத்தில்தான் பேனா நின்றது. பிரசவ விடுப்பும், விடுப்பு முடிந்து வந்தால் அதே வேலையும் என்கிற பிரிவு. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவர்களில் பாதிப் பேர் ஒப்பந்த ஆசிரியர்கள். செமஸ்டருக்கு செமஸ்டர் புது உத்தரவு வந்தால்தான் வேலை. அவர்களையும் சேர்த்து எழுதினால் கோப்பு நகராது என்று பதிவாளர் அலுவலகத்தில் ஜாடையாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் கிடைக்கிறது கிடைக்கட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்து, 'நிரந்தரப் பணியாளர்களுக்கு' என்று ஒரு சொல்லைப் போட்டு அந்தப் பிரிவை முடித்தாள்.

மறுநாள் சாயங்காலம் நனைந்த குடையோடு வின்சி வந்தாள். பென்சனின் தங்கை. அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் ஒப்பந்த ஆசிரியை. சேத்தூரில் வாழ்க்கைப்பட்டவள். பஸ் தாமதமாகிற நாளில் அண்ணன் வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவாள். மிச்சமிருந்த கருவாட்டைப் போட்டு அன்றும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலைத் தாண்டியவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே பின்கட்டுக்கு ஓடினாள். வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது.

"கருவாட்டுக் கொழம்புன்னா சட்டிய வழிச்சு நக்குதவ. இவளுக்கு என்ன வந்துச்சு?" என்றான் பென்சன்.

தேவகிருபை தண்ணீரோடு போய்த் தலையைப் பிடித்துவிட்டாள். "எத்தனை மாசம்ட்டி?"

"நாலு மைனி."

"நாலு மாசமா எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா ஒனக்கு?"

"யாருட்டயும் சொல்லல மைனி. அவியளுக்கும் எங்க அத்தைக்கும் மட்டுந்தான் தெரியும். நீங்களும் அங்க வாயத் தொறந்துராதீங்க. பொன்னுராஜ் சாருக்குத் தெரிஞ்சா அடுத்த செமஸ்டருக்கு ஆர்டர் வராது."

பொன்னுராஜ் இயற்பியல் துறைத் தலைவர். வின்சி பயப்பட்டதற்குக் காரணம் இருந்தது. மூத்த பிள்ளை ஜூடி வயிற்றில் இருந்தபோது மறைக்காமல் சொன்னாள். 'நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா' என்று அன்பாகத்தான் அனுப்பினார்கள். பிள்ளையைப் பெற்றுக்கொண்டு திரும்பிப் போனால் அவள் இடத்தில் வேறொருவர் இருந்தார். அப்புறம் டியூஷன் சென்டரில் காலம் தள்ளி, மறுபடி உள்ளே நுழைந்தபோது புதிதாய் வந்தவர்களோடு கடைசி வரிசையில் நின்றாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் மேஜையில் கிடந்த தாள்களை எடுத்துப் புரட்டினாள். விடுதி நேரத்தைப் படித்துவிட்டு, "சூப்பர் மைனி," என்றாள். கழிப்பறைப் பகுதிக்குத் தலையை ஆட்டினாள். பிறகு ஒரு இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

"இதுல நான் எங்க மைனி இருக்கேன்?"

"மொதல்ல இது பாஸாகட்டும்ட்டி. பொறவு ஒவ்வொன்னா..."

"பொறவுன்னா எப்ப? ஜூடி பிள்ளை பெறுத காலத்துலயா?"

"இதச் சேத்தா மொத்தத்தயும் கெடப்புல போட்டுருவாங்க."

"தெரியாம விட்டுருந்தீங்கன்னா எனக்கு ஒன்னுமில்ல மைனி. தெரிஞ்சே அந்த வார்த்தையப் போட்டுருக்கீங்க." தாள்களை ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "பஸ்ஸு போயிரும். வாரேன்."

அவளுக்கென்று தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. பென்சன் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் போய், பஸ் ஏற்றிவிட்டுத்தான் வந்தான். வந்தவன் சாப்பிட உட்கார்ந்தான். தேவகிருபைதான் ஆரம்பித்தாள்.

"இனிமே அந்த வார்த்தைய அடிச்சேன்னா என்ன சொல்லுவாங்க? நாத்தனா மாசமா இருக்கா, அதுக்காக ஒரு கொள்கையே எழுதிட்டாம்பாங்க. நேத்தே அடிச்சுருக்கணும். இப்ப ரெண்டு பக்கமும் மாட்டிக்கிட்டேன்."

பென்சன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அவ என் தங்கச்சிங்கதுக்காக நீ எழுத வேண்டாம். என் தங்கச்சிங்கதுக்காகவே எழுதாமயும் இருந்துராத."

"சொல்லுததுக்கு லேசு."

"லேசு இல்லதான். எங்க மில்லுல பொம்பளப்பிள்ளைக எம்புட்டுப் பேரு வேலை பாக்கு. வயிறு தெரிய ஆரம்பிச்சதும் ஒவ்வொன்னா நின்னுரும். எங்க போச்சுன்னு நானும் ஒரு நா கேட்டதில்ல. மெசினு ஓடுதான்னு பாத்துட்டு வந்துருதேன். நீ கேக்குத எடத்துல இருக்க கிருபை."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இரண்டு பேரும் பைக்கில் சேத்தூருக்குக் கிளம்பினார்கள். வழியில் ஒரு தள்ளுவண்டியில் கடைசிச் சப்பட்டை மாம்பழங்கள் கிடந்தன. தட்டையான உடம்பும், தோலை மீறிக்கொண்டு வாசமுமாக. பென்சன் பொறுக்கிப் பொறுக்கி வாங்கினான். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் நடவு நடந்துகொண்டிருந்தது. பாலித்தீன் தாளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னுக்கு நகர்ந்தார்கள்.

வின்சியின் கணவன் ஜோ வாய்க்காலில் இறங்கி அடைப்பெடுத்துக்கொண்டிருந்தான். சேற்றுக்காலோடு கரையேறி, "வாங்க மச்சான், வாங்கக்கா," என்று கூப்பிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனான். வின்சி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஜூடி மாம்பழப் பையை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேவகிருபை வின்சி பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்து உருவினாள். "வார்த்தைய அடிச்சுட்டேன்ட்டி," என்றாள். "'எல்லாப் பணியாளர்களுக்கும்'னு மாத்திட்டேன். பாஸாகுமான்னு தெரியாது."

வின்சி தலை நிமிரவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

"ஆனா நீ மறைச்சு வைக்கும்போது நான் அதுக்காகப் பேச முடியாது. பின்னால தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு, கொள்கைக்கும் கெட்ட பேரு."

"நீங்க பேச வேண்டாம் மைனி," என்றாள் வின்சி. "எல்லாரையும் கூப்பிட்டுக் கருத்துக் கேக்கப்போறாங்கள்லா? நானே எந்திரிச்சுச் சொல்லுதேன்."

"சொல்லிட்டு, வேலை போச்சுன்னா?" என்றான் ஜோ.

"சொல்லாட்டாலும் போகும். வயிறு என்ன மலையா, சாரலுக்குள்ள மறைஞ்சுக்கிட?"

ஜோ சிரித்துவிட்டான். "அப்பச் சொல்லிரு. இங்க வயக்காடு எங்கயும் போயிராது." அன்றைக்கு வின்சி கீரைப் பொரியலோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அவள் மாமியார், "இன்னைக்குத்தான் வாய்க்கு ஒத்துக்கிட்டிருக்கு," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் வேலையாகத் தேவகிருபை ஐயாதுரையின் அறைக்குப் போனாள். வின்சியின் சம்மதத்தோடு அவள் மாசமாக இருப்பதைச் சொல்லி, அவள் தன் நாத்தனார் என்பதையும் சொன்னாள். ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கமிட்டியில் இருந்து விலகச் சொல்லிவிடுவாரோ என்று அவள் பயந்தாள்.

"முன்னாலயே சொன்னது நல்லதாப் போச்சும்மா," என்றார். "ஒன்னு செய்வோம். அந்தப் பிரிவு வரும்போது நீங்க வெளிய போய் உக்காந்துக்கங்க. நான் வாசிக்கேன். எனக்கு நாத்தனா யாரும் கெடையாது, யாரு என்ன சொல்லிர முடியும்?"

கூட்டம் கருத்தரங்கக் கூடத்தில் நடந்தது. விடுதி நேரத்துக்கே பெரிய வாக்குவாதம். பெற்றோர் சம்மதிப்பார்களா என்று ஒருவர் கேட்க, பையன்களுக்கு யாரிடம் சம்மதம் கேட்டீர்கள் என்று ஒரு மாணவி திருப்பிக் கேட்டாள். கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. பிறகு ஐயாதுரை அந்தப் பிரிவின் எண்ணைச் சொன்னார். தேவகிருபை எழுந்து வெளியே வந்தாள்.

நடையில் கிடந்த பெஞ்சில் மாரிக்கனி உட்கார்ந்து கண்ணாடித் தம்ளர்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். துப்புரவு வேலை செய்கிறவள். கூட்டம் என்றால் தேநீர் பொறுப்பும் அவளுக்குத்தான். கதவு ஒருக்களித்திருந்தது. பேசுவது நன்றாகவே கேட்டது.

"எனக்கு யார் மேலயும் வருத்தம் கெடையாது," அது பொன்னுராஜின் குரல். "ஒரு ஆள் கேட்டு வாங்கதுக்குள்ள எனக்குச் செருப்பு தேஞ்சுருது. செமஸ்டர் நடுவுல ஒருத்தர் போயிட்டா ஆப்டிக்ஸ் லேபுக்கு யாரு நிப்பா? ரூல் எழுதுறவங்க வந்து நிப்பாங்களா?"

சிலர் சிரித்தார்கள். நாற்காலி நகர்கிற சத்தம்.

"சார், நான் வின்சி. உங்க டிபார்ட்மென்ட்தான்."

"தெரியும்மா, சொல்லுங்க."

"எனக்கு இது அஞ்சாம் மாசம் சார்."

தேவகிருபை பெஞ்சில் கதவுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள். வின்சியின் குரல் முதலில் தாழ்ந்திருந்தது, பிறகு பாடம் நடத்துகிற குரலாகிவிட்டது.

"போன தடவை யாரும் என்னப் போகச் சொல்லல. இருன்னும் சொல்லல. நானே எழுதிக் கொடுத்துட்டுப் போனேன். இந்தத் தடவை நான் போக மாட்டேன். லீவு முடிஞ்சு வந்தா என் எடம் இருக்கும்னு ஒரு வார்த்தை வேணும். அதத்தான் கேக்கேன். லேப் உங்களுக்கு எம்புட்டு முக்கியமோ அம்புட்டு எனக்கும் முக்கியம் சார்."

பின்வரிசையிலிருந்து இன்னொரு பெண் குரல் வந்தது. மகாலட்சுமி. அதே துறையின் இன்னொரு ஒப்பந்த ஆசிரியை. வன்னியம்பட்டிக்காரி.

"ஆப்டிக்ஸ் லேப நான் பாத்துக்கிடுதேன் சார். எனக்கு மத்தியானம் ரெண்டு நாள் சும்மாதான் இருக்கு. நாளைக்கு எனக்கும் கல்யாணம், பிள்ளைன்னு வரும்லா? அப்ப அவங்க பாத்துக்கிடட்டும்."

"முதல்ல மாப்பிள்ளை யாருன்னு சொல்லும்மா," என்றார் யாரோ. கூடம் சிரித்தது. ஐயாதுரை குரலை உயர்த்தினார்: "அதிகப்படியா பாக்குற வகுப்புக்குத் தனிச் சம்பளம் உண்டுன்னும் சேத்து எழுதிக்கிடுவோம். சும்மா செய்யச் சொல்லக் கூடாது. பொன்னுராஜ், லேபுக்கு ஆள் வந்தாச்சு. இப்ப என்ன சொல்லுதீக?"

"ஆளு இருந்தா எனக்கென்ன," என்றார் பொன்னுராஜ். குரல் இறங்கியிருந்தது. "எழுதுங்க. மாட்டேன்னு நான் எங்க சொன்னேன்?"

மாரிக்கனி ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். "உள்ள பேசுதது பிள்ளப்பேறு லீவாம்மா?" என்றாள்.

"ஆமா. ஒப்பந்தத்துல வேலை பாக்குறவங்களுக்கும் உண்டுன்னு."

"நாங்களும் ஏஜென்சி ஒப்பந்தந்தான?"

தேவகிருபை அவளைப் பார்த்தாள். வளாகமெல்லாம் சுற்றியபோது மாரிக்கனியிடமும் பேசியிருந்தாள். கழிப்பறை பற்றி மட்டும்தான் கேட்டிருந்தாள். "இப்ப நான் உள்ள போகக் கூடாது மாரிக்கனி. நீ போயிக் கேளு," என்றாள்.

மாரிக்கனி தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தம்ளர்கள் கிணுகிணுத்தன. "ஐயா, ஏஜென்சி ஆளுகளும் இதுல சேத்தியா? என் மருமக லேடீஸ் ஆஸ்டல்ல கூட்டிப் பெருக்குனவ. ஏழாம் மாசம் நின்னா. இப்பப் போயிக் கேட்டா ஆளு இருக்குங்கான் ஏஜென்சிக்காரன்."

ஐயாதுரைதான், "சேத்தியான்னு கேக்குறதுக்கு முன்னாலயே நாங்க சேத்திருக்கணும்," என்றார்.

கொள்கை துணைவேந்தரிடம் போய்த் திரும்பி வந்தது. விடுதிக்கு ஒன்பது மணி கேட்டதில் எட்டரைதான் கிடைத்தது. ஆண்களுக்குப் பிள்ளை பிறந்தால் பதினைந்து நாள் விடுப்பு என்று எழுதியதை ஒரு வாரமாக வெட்டியிருந்தார்கள். ஒப்பந்த ஆசிரியர்கள் பிரிவில் கை வைக்கவில்லை. ஏஜென்சி ஆட்களுக்கு அடுத்த ஒப்பந்தம் போடும்போது சேர்க்கப்படும் என்று இருந்தது. ஐயாதுரை ஓய்வு பெறும் முன் அதை விடாமல் துரத்தி, சேர்க்க வைத்துவிட்டுத்தான் போனார். மாரிக்கனியின் மருமகள் மறுபடி விடுதி வேலைக்கு வந்தாள். தேவகிருபை கேட்டது எல்லாம் கிடைக்கவில்லைதான். ஆனாலும் அந்த வருஷம் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது.

மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் வின்சிக்குப் பையன் பிறந்தான். பென்சன் சூடான பால்கோவா வாங்கி வந்து, தங்கைக்குக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னதால், வார்டில் இருந்த மற்ற எல்லாருக்கும் கொடுத்தான். இடையில் மகாலட்சுமி போன் பண்ணி, லேபில் சோடியம் விளக்கு எரிய மாட்டேன் என்கிறதே என்று கேட்டாள். வின்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், மத்தியானம் தபால் வாங்கத் தேவகிருபை பிரதான வாசலுக்குப் போனாள். அங்கே சிறு கூட்டம். நடுவில் ஜோ நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு பை, மார்பில் துண்டு சுற்றிய பிள்ளை. சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான். வழியெல்லாம் பஸ்ஸில் இருந்த பெண்கள் பிள்ளையைத் தூக்குகிற விதம் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்லியிருந்தார்கள் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. காவலாளி சங்கிலிப்பாண்டி குறுக்கே நின்றார்.

"அண்ணே, இவன் அம்மை உள்ள இருக்கா. பால் குடிக்க வந்துருக்கான்," என்றான் ஜோ.

"நீங்க சொல்லுதது சரிதான் தம்பி. கைப்பிள்ளைய உள்ள விடலாமுன்னு எனக்கு யாரும் சொல்லலியே. ரிஜிஸ்டர்ல எந்த டிபார்ட்மென்ட்டுன்னு எழுத?"

பாலூட்ட இடைவேளை என்று தேவகிருபை எழுதியிருந்தாள். அதற்கு ஓர் அறையும் வாங்கியிருந்தாள். பிள்ளை எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்று எழுதத் தோன்றவில்லை. அவள் பேச வாயெடுப்பதற்குள் பின்னால் கார் ஒலி எழுப்பியது. கண்ணாடியை இறக்கி பொன்னுராஜ் தலையை நீட்டினார்.

"என்னய்யா கூட்டம்?"

"கைப்பிள்ளையோட உள்ள போகணுங்காரு சார். எந்த டிபார்ட்மென்ட்டுன்னு எழுதன்னு தெரியல."

பொன்னுராஜ் ஜோவைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

"அது பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் பிள்ளைய்யா. உள்ள விடு," என்றவர் கார்க் கதவைத் திறந்தார். "ஏறுங்க தம்பி. லேப் முடியப்போற நேரம். பிடிச்சு வச்சு அழ விட்டுறாதீங்க."

கார் உள்ளே போனது. சங்கிலிப்பாண்டி பேனாவை எடுத்து, "பிள்ளை பேரென்னம்மா?" என்று தேவகிருபையிடம் கேட்டார்.

"தேவநேசன்."

பெயர் எழுதினார். துறை என்ற இடத்தில் இயற்பியல் என்று எழுதினார். வந்த காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் செத்த நேரம் யோசித்தார். பிறகு நிதானமாக, திருத்தமான எழுத்தில் 'சாப்பாடு' என்று எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட்டார்.